ஐந்து குடும்பம், ஒரே அடுப்பு

கேள்வி: எனக்கு 38 வயது. நாங்கள் ஐந்து குடும்பங்கள், எல்லாரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். யாரோ ஒரு முதலாளியின் லாபத்துக்காக ஓடி ஓடி அலுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் ஒன்றாகப் போட்டு, போதாததற்குக் கடன் வாங்கி, நிலம் வாங்கப் போகிறோம். ஒரே சமையலறை, ஒரே வங்கிக் கணக்கு, யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுத்துக்கொள்வது என்று திட்டம். என் மனைவி மட்டும் தயங்குகிறாள். ‘கடைசியில் எல்லாருக்கும் சமைக்கப் போவது யார்?’ என்று கேட்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள். உங்கள் திட்டத்தில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி அது. அவராவது கேட்டாரே என்று சந்தோஷப்படுங்கள்.

உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. கூட்டு வாழ்க்கையெல்லாம் நடக்காது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆறு பேராக ஒரே வீட்டில் பொதுக் கணக்கு வைத்து மூன்று வருடம் வாழ்ந்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் பணத்துக்காக ஒரு சண்டைகூட வந்ததில்லை, ஆனால் குப்பையை யார் வெளியே வைப்பது என்பதில் வந்தது, அதுவும் நன்றாகவே வந்தது. கழிவறை கழுவியதாக நினைவே இல்லாத ஒருவர்தான் சமத்துவத்தைப் பற்றி அதிகம் பேசுவார்.

இஸ்ரேலின் கிபுட்ஸ்கள் என்னும் கூட்டுக் குடியிருப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். (அவை எழுந்த மண்ணின் அரசியல் தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், இங்கே உள்ளே நடந்ததை மட்டும் பார்ப்போம்.) முதலாவதான தெகானியா 1910-ல் தொடங்கியது. தனிச்சொத்து கிடையாது, சம்பளம் கிடையாது, உணவுக்கூடம் பொது. அப்படிப்பட்ட இடத்திலேயே முதலில் வந்த பெண்களின் தலையில் விழுந்தது சமையலும் துணி துவைப்பும்தான். மாடு கறக்கும் வேலை வேண்டும் என்று அவர்கள் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. பிறகு பல கிபுட்ஸ்களில் குழந்தைகளைத் தனி வீட்டில் தூங்க வைத்து, பொதுவில் வளர்த்தார்கள், பெண்கள் விடுதலை பெறுவார்கள் என்று நம்பினார்கள். அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் பெண்களே. பணம் சமமாகிவிட்டது, வேலை ஆகவில்லை. உங்கள் மனைவியின் பயம் இதுதான்.

அப்புறம் அந்தக் கடன். உங்களுக்குள் எவ்வளவு சமத்துவம் இருந்தாலும் வங்கிக்கு மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும், அதற்கு விளைந்ததைச் சந்தை சொல்கிற விலைக்கு விற்றாக வேண்டும். 1980-களில் கிபுட்ஸ்கள் அடிவாங்கியது அங்கேதான். பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது நிறையக் கடன் வாங்கினார்கள், 1985-ல் பணவீக்கத்தை அடக்க அரசு நடவடிக்கை எடுத்தபோது வட்டி கழுத்தை நெரித்தது, பிள்ளைகள் வெளியேற ஆரம்பித்தார்கள். தெகானியாவே 2007-ல் வேலைக்கு ஏற்ற சம்பளத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் வருமானம் குறைந்தவரைத் தாங்க, சம்பாதிக்கிறவர் ஒரு பங்கு கொடுக்கிறார். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நூறு வருடம் நெருங்கும் வரை தாங்கிய ஒன்றை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ட்வின் ஓக்ஸ் என்று ஒரு குடியிருப்பு, 1967-லிருந்து இருக்கிறது, ஏறத்தாழ நூறு பேர். வருமானம் முழுக்கப் பொது. கயிற்று ஊஞ்சல் பின்னி, டோஃபு என்கிற சோயாக் கட்டி செய்து விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது வேலைக் கணக்கு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எல்லாருக்கும் ஒரே அளவு, ஊஞ்சல் பின்னினாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான், சமைத்தாலும், பாத்திரம் கழுவினாலும், குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் அதேதான். நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். கணக்கு எழுதாத வீட்டில் செய்கிறவரே செய்துகொண்டிருப்பார், மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது.

அங்கே இன்னொன்றும் உண்டு. சேர்கிறவர் தன் பழைய சேமிப்பைக் கொடுத்துவிட வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் வரை அதைத் தொடாமல் இருந்தால் போதும். கிளம்பினால் அது அவருடையது. நீங்கள் செய்யப் போவது நேர்மாறு. நாலாவது வருடம் ஒரு குடும்பம் போக வேண்டி வந்தால்? பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகலாம், ஒரு தம்பதி பிரியலாம். அவர்கள் பங்கு மண்ணில் கிடக்கும். பழைய கிபுட்ஸ்களில் பல வருடம் உழைத்துவிட்டு வெளியேறியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். போக முடியாததால் மட்டும் ஒருவர் தங்கியிருந்தால் அங்கே சமத்துவம் என்று சொல்ல என்ன இருக்கிறது? அதனால் சேரும் விதிகளுக்கு முன்னால் பிரியும் விதிகளை எழுதுங்கள், எத்தனை மாதத்தில், எந்த மதிப்பில், யார் கொடுப்பது என்று.

ஒரே கணக்குதான் ஒரே வழி என்றும் இல்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-ல் ஒரு சின்னத் தொழிற்சாலையாகத் தொடங்கிய மோன்ட்ராகன் கூட்டுறவில் குடும்பம் தனித்தனி, சம்பளமும் உண்டு, ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் சம்பள வித்தியாசம் ஏறத்தாழ ஆறு மடங்குக்குள். 2013-ல் அவர்களுடைய ஃபாகோர் நிறுவனம் திவாலானபோது அங்கிருந்த உறுப்பினர்கள் பலருக்கு மற்றக் கூட்டுறவுகளில் இடம் கொடுத்தார்கள். முதலாளிக்காக ஓடுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், ஒரே அடுப்பைவிட இது மருந்தாகலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? வேலையை விடாதீர்கள், கடன் வாங்காதீர்கள். ஐந்து குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் வாடகைக்குப் போங்கள். ஆறு மாதம் சமையலையும் குழந்தை பராமரிப்பையும் மட்டும் பொதுவாக்குங்கள், பணத்தைத் தொட வேண்டாம். யார் எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள், ஆண்களும் தங்கள் கையாலேயே எழுதட்டும். ஆறு மாதம் முடிந்ததும் அந்த நோட்டை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டு, நிலம் வாங்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.