சென்னைக்கு ஏன் நேரடி அமெரிக்க விமானம் இல்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பேரனைப் பார்க்க நானும் மனைவியும் நியூ ஜெர்சி போய்வந்தோம். நடுராத்திரியில் வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் ஏறுவதற்குள் அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது. போகும்போதும் வரும்போதும் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. இவ்வளவு கூட்டம் இருந்தும் சென்னையிலிருந்து நேராக ஒரு விமானம் விடக்கூடாதா? அல்லது அவ்வளவு தூரம் பறக்கவே முடியாதா?

– வாசகர், தாம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் பறக்கலாம். சென்னையிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர்தான். நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 15,300 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் போகிறது. ஆனால் அதே நிறுவனம் 2013-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு ஐந்து வருடம் பேசாமல் இருந்தது. ஏன் என்று பார்த்தால் சென்னைக் கதையும் புரியும்.

2004-இல் அவர்கள் ஓட்டியது நான்கு இன்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500. பதினெட்டாவது மணி நேரத்தில் எரியப்போகும் எண்ணெயை அதற்கு முந்தைய பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டும்; சுமப்பதற்கே எண்ணெய் செலவாகும். அவ்வளவு பெரிய விமானத்தில் 181 இருக்கைகள்தான். 2008-இல் அதையும் நூறாக்கி, மொத்தமும் பிசினஸ் கிளாஸ் என்றார்கள். எண்ணெய் விலை ஏறியிருந்த காலம். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது பழைய ஐந்தையும் ஏர்பஸ்ஸிடமே தள்ளிவிட்டார்கள். 2018-இல் இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகே சேவை திரும்பியது. இப்போதும் அதில் சாதாரண எகானமி கிடையாது! இருக்கும் 161 இருக்கைகளில் 67 பிசினஸ், மீதி எகானமியைவிட விலை கூடிய பிரீமியம் எகானமி.

சென்னையிலிருந்து போகிறவர்கள் யார்? பேரனைப் பார்க்கப் போகும் நம் வயதுக்காரர்கள், படிக்கப் போகும் பிள்ளைகள். ஐயாயிரம் ரூபாய் குறைகிறது என்றால் இரண்டு இடத்தில்கூட இறங்கி ஏறுவோம். (நானும்தான்.) கம்பெனிக் காசில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பெங்களூரில் அதிகம், 2021-இல் ஏர் இந்தியாவின் சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம் அங்கே போனதற்கு அதுதான் காரணம் என்பேன். நீங்கள் ஏறிய விமானம் நிறைந்திருந்ததும் சென்னைக் கூட்டத்தால் மட்டுமல்ல. கொச்சி, கொழும்பு, டாக்கா என்று பத்து ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் சேர்த்து ஏற்றுகிறார்கள். நேரடி விமானத்தையோ சென்னை தனியாக நிரப்ப வேண்டும், விடுமுறை இல்லாத பிப்ரவரியிலும்.

இன்னொரு கணக்கும் உண்டு. லண்டனுக்கு ஒரு விமானம் போய்த் திரும்ப ஒரு நாள் போதும். நியூயார்க் என்றால் முப்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். தினசரி சேவைக்குக் குறைந்தது இரண்டு விமானங்கள் முடங்கும்.

டெல்லியே தடுமாறுகிறது. பாகிஸ்தான் வான்வழி 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டு, அவை சுற்றிப்போக வேண்டியதாயிற்று. அதையும் விமானப் பற்றாக்குறையையும் சொல்லி ஏர் இந்தியா செப்டம்பரில் டெல்லி–வாஷிங்டன் சேவையை நிறுத்தியது. இந்த நிலையில் சென்னைக்கு இரண்டு விமானங்களை யாரும் ஒதுக்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.