கிட்டார் கேள்வி பதில்: கேமரா பார்க்காத கை

கேள்வி: ஆன்லைன் பாடம் பார்த்து மெட்டாலிகா ராக் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) மூன்று மாதமாக வாசித்துப் பழகுகிறேன். எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டத்தில்) எந்த விரல் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் பாட்டோடு சேர்ந்து வாசித்தால் அரை நிமிஷத்தில் முன்கை கல்லாகிவிடுகிறது. விரலுக்கு ஏதாவது பயிற்சி சொல்லுங்கள் அண்ணா. (19 வயது வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: விரலுக்கு ஒன்றும் வேண்டாம் தம்பி. கல்லாவது எந்த முன்கை என்று நீங்கள் எழுதவில்லை, வலக்கை என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

இந்த ஆன்லைன் பாடங்களில் எனக்குள்ள பெரிய மனக்குறையே இதுதான். கேமரா இடக்கையை விட்டு நகராது, திரையின் கீழே ஓடும் எண்களும் இடக்கை எங்கே போக வேண்டும் என்பதைத்தான் சொல்லும், வலக்கை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். இந்த ரிஃப்பில் வேலை முழுக்க அந்த வெட்டுப்பட்ட கையில்தான் இருக்கிறது. 1986இல் வந்த பாட்டு, நிமிடத்துக்குச் சுமார் 212 தட்டு வேகத்தில் ஓடும். ஒரு தட்டுக்கு இரண்டு அடி, அதுவும் குழுவின் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிக்கிறார், கை மேலே திரும்பும்போது கம்பியைத் தொடுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு ஏழு அடி. இதை முழங்கையிலிருந்து அடித்தால் கல்லாகாமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் இடக்கைக்கு லீவு கொடுங்கள். இடக்கையை ஆறு கம்பிமேலும் சும்மா படியவிட்டுச் சத்தத்தை அடக்கிவிட்டு, தடித்த கம்பியில் வலக்கை மட்டும் தகதிமி தகதிமி என்று கீழடியாகவே போகட்டும், அசைவு மணிக்கட்டில் மட்டும் இருக்கட்டும். பிக்கின் (கம்பியை அடிக்கும் சின்னத் தகட்டின்) நுனி விரலுக்கு வெளியே அரிசி மணி அளவு தெரிந்தால் போதும், அதற்கு மேல் நீட்டினால் கம்பியில் ஆழமாக மாட்டி ஒவ்வொரு அடியும் தாமதமாகும். கைபேசியை வலக்கைக்கு எதிரே நிறுத்தி ஒரு நிமிஷம் படம் பிடித்துப் பாருங்கள். அடித்த பிறகு கை கம்பியை விட்டு எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். எனக்கு வந்தது.

அப்புறம் வேகம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர், ஆனால் அந்த இரட்டிக்கும் கணக்கு இங்கே ஒத்துவராது. வீடியோவைப் பாதி வேகத்தில் போட்டால் 106, முக்கால் வேகத்தில் போட்டால் 159, நடுவில் 53 தட்டுப் பள்ளம், எல்லாரும் அங்கேதான் விழுகிறார்கள். யூடியூபில் வேகத்தை 0.05 ஆகக் கூட்டும் வசதி இருக்கிறது, ஒரு படிக்குப் பத்துத் தட்டுதான் ஏறும். ஒரு படியில் இரண்டு நிமிஷம் கை இறுகாமல் வந்தால் அடுத்த படி. இறுகினால் ஒரு படி இறங்குங்கள். வலி வந்தால் கிட்டாரைக் கீழே வையுங்கள், வலியோடு வாசிப்பது வீரம் இல்லை.

கேள்வி: கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' ஆரம்ப ரிஃப் தனியாக வாசித்தால் சரியாக இருக்கிறது, பாட்டைப் போட்டு வாசித்தால் நாராசம். டியூனர் ஆப்பில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். கிட்டாரை மாற்ற வேண்டுமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: மாற்ற வேண்டாம், காசு மிச்சம். 1987இல் வந்த அந்தப் பாட்டில் ஆறு கம்பியும் அரைச் சுருதி இறக்கி வைத்து வாசித்திருக்கிறார்கள். உங்கள் ஆப்பில் அரைச் சுருதி கீழே என்று ஒரு தேர்வு இருக்கும், அதை வைத்துத் தளர்த்துங்கள். பாடம் நடத்துபவர் இதை முதல் நிமிஷத்தில் சொல்லியிருப்பார், நாம்தான் அவர் பேசும் பகுதியைத் தாண்டி ஓட்டிவிடுகிறோம். நான் கேசட் காலத்து ஆள், சொல்லவும் ஆள் இல்லை. பிளேயர் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அப்பாவின் பிளேயரை ஒரேயடியாக முடித்துவைத்தேன்.

கேள்வி: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்புக்கு நான்கு வீடியோ பார்த்தேன், நான்கும் நான்கு விதம். எதை நம்புவது? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: வாசித்தவரையே நம்புங்கள். டீப் பர்ப்பிள் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் மேடையில் வாசிக்கும் பழைய காட்சிகள் கிடைக்கும், தேடி எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பாதிப் பேர் தடித்த கம்பிகளில் பவர் கார்டு (இரண்டு மூன்று கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும் கனமான பிடி) பிடித்து பிக்கால் அடிக்கச் சொல்வார்கள், கேட்க அதுவும் கனமாகத்தான் இருக்கும், ஆனால் 1972 ஆல்பத்தில் வரும் சத்தம் அது இல்லை. அவர் டி, ஜி என்ற நடுக் கம்பி இரண்டையும் பிக் இல்லாமல் விரலால் ஒரே நேரத்தில் சுண்டுகிறார். இரண்டு கம்பியிலும் ஒரே ஃப்ரெட்: திறந்த கம்பி, 3, 5. மறுபடி திறந்த கம்பி, 3, 6, 5. ஒரு விரலைப் படுக்கவைத்து அழுத்தினால் போதும். பிக்கால் அடித்தால் ஒரு கம்பி முந்தி மற்றது பிந்தி ஒலிக்கும், விரலால் சுண்டினால் இரண்டும் சேர்ந்து 'டங்' என்று விழும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் கேட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

கேள்வி: மகன் ராத்திரி பதினொரு மணி வரை இதே சத்தம். எங்களுடையது ஒட்டு வீடு, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். வருஷக் கடைசியில் மெட்ரிக் (பள்ளி இறுதி) பரீட்சை வேறு. கிட்டாரைப் பிடுங்கி வைக்கலாமா? (ஒரு அம்மா, வெருலம்)

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா, ஆம்பின் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியின்) ஒயரை மட்டும் பிடுங்குங்கள். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறைக்கே சரியாகக் கேட்காது. மேலே முதல் பதிலில் சொன்ன பயிற்சிக்கு ஆம்ப் இல்லாமல் இருப்பதே நல்லது, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் தப்பெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். சத்தம் வேண்டும் என்று அடம்பிடித்தால் கிட்டாரில் செருகும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனாலும் வாசிக்கலாம். பரீட்சை விஷயம் உங்களுக்கும் அவனுக்கும் நடுவில், நான் வாய் திறக்கவில்லை. ஒன்று மட்டும்: வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கடல் காற்றில் வேர்வைக் கையோடு அப்படியே விட்டால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், புதுக் கம்பிக்குக் காசு கேட்டு உங்களிடம்தான் வந்து நிற்பான்.