படகுத்துறை நிழலில் கிராப்பி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓசார்க்ஸ் ஏரிக்கரையில் என் நண்பருக்குச் சொந்தமாக ஒரு படகுத்துறை இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் கரையோரமாகவே கிராப்பி (crappie) என்னும் நன்னீர் மீன் நிறையக் கிடைத்தது. ஜூலையில் அதே இடத்தில் அதே தூண்டிலோடு காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்தும் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. வெயில் வந்ததும் இந்த மீன்கள் எங்கே போய்விடுகின்றன?

பதில்: அவற்றில் சில நீங்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியிலேயே இருந்திருக்கலாம். வசந்த காலத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 60 முதல் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது கிராப்பிகள் முட்டையிடுவதற்காக ஆழமில்லாத கரையோரத்துக்கு வருகின்றன. அந்த வேலை முடிந்ததும் அங்கே அவற்றுக்கு அலுவல் இல்லை. கோடையில் ஏரி நீர் அடுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது: மேலே சூடான நீர், அடியில் குளிர்ந்த ஆனால் பிராணவாயு குறைந்த நீர். அடியில் மூச்சு முட்டும், மேலே வெயில் சுடும் என்ற நிலையில், இடைப்பட்ட ஆழத்தில் நிழலைத் தேடுவதுதான் அவற்றுக்கு வழி. மிதவைகள் மேல் பரந்து கிடக்கும் ஒரு படகுத்துறை அந்த நிழலை நாள் முழுதும் தருகிறது. நிழலில் நிற்கும் மீனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இருட்டறையில் நின்று வெளிச்சமான தெருவைப் பார்ப்பவரைப் போல, தான் தெரியாமல் வெளியே நீந்தும் சிறு மீன்களை அது பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் எல்லாத் துறையிலும் மீன் இருக்காது. பக்கத்தில் 10 முதல் 20 அடி ஆழம் இருக்க வேண்டும், நீருக்கு மிக அருகில் தாழ்வாக மிதக்கும் அகலமான துறையாக இருந்தால் நல்லது. ஓசார்க்ஸ் ஏரி 1931-இல் பாக்னெல் அணை கட்டி ஓசேஜ் ஆற்றைத் தடுத்ததால் உண்டானது. ஆகவே பழைய ஆற்றுப்படுகையும் அதில் வந்து சேர்ந்த ஓடைகளின் பள்ளங்களும் நீருக்கடியில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பள்ளங்களை ஒட்டியிருக்கும் துறைகளை முதலில் பாருங்கள். துறையின் ஓரத்தில் தூண்டில் கோல் செருகும் குழாய்கள் வரிசையாக இருந்தால், அதன் உரிமையாளர் மீன் பிடிப்பவர், மீன் வந்து தங்குவதற்காக அடியில் மரக்கிளைகளைக் கட்டி மூழ்கடித்திருக்கவும் கூடும் என்று நான் ஊகித்துக்கொள்வேன். இந்த ஊகம் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

கேள்வி: துறையின் அடியில் மீன் இருக்கிறது என்றால், பலகைக்கும் நீருக்கும் நடுவே ஓரடி இடைவெளிகூட இல்லாதபோது தூண்டிலை எப்படி உள்ளே போடுவது? கோலைச் சுழற்றி வீசினால் பலகையில் மோதி விழுகிறது.

பதில்: சுழற்றி வீசக் கூடாது, உண்டிவில்லில் கல்லை விடுவதுபோல விட வேண்டும். ஐந்து முதல் ஆறு அடி நீளமுள்ள மெல்லிய கோல், நான்கு அல்லது ஆறு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, 1/32 அல்லது 1/16 அவுன்ஸ் ஈயத்தலை கொண்ட ஜிக் (முள்ளோடு சேர்ந்த செயற்கை இரை) ஆகியவை போதும். கடி வரும்போது நரம்பின் அசைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால், பளிச்சென்ற நிறமுள்ள நரம்பையே நான் சுற்றிக்கொள்கிறேன்.

ஜிக் ஏறத்தாழ ரீல்வரை (கோலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளைவரை) தொங்கும் அளவுக்கு நரம்பை விடுங்கள். ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை ஆள்காட்டி விரலால் கோலோடு அழுத்திக்கொள்ளுங்கள். மற்றக் கையின் இரு விரல்களால் ஈயத்தலையை மட்டும் பிடித்து, முள்ளின் கூர்முனை விரல்களுக்கு வெளியே பார்க்கும்படி வைத்துக்கொண்டு, கோல் வில்லாக வளையும்வரை பின்னால் இழுங்கள். (இந்த ஒரு விஷயத்தை நான் கட்டைவிரலில் முள் ஏறிய பிறகுதான் மனத்தில் பதித்துக்கொண்டேன்.) கோலின் நுனி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, இடைவெளியை நோக்கி இருக்கட்டும். முதலில் ஜிக்கை விடுங்கள், கண்ணிமைக்கும் நேரம் கழித்து நரம்பிலிருந்து விரலை எடுங்கள். சரியாக அமைந்தால் ஜிக் நீர்மேல் தத்திக்கொண்டு நிழலின் உட்பகுதிக்குப் போய் விழும். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பழகினால்தான் கை இதற்குப் படியும்.

விழுந்த பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள்: ஜிக்கை அடிவரை இறக்கிவிடுகிறார்கள். கிராப்பி தனக்கு மேலே இருப்பதைப் பார்த்து எழும்பி உண்ணும் மீன். தனக்குக் கீழே போய்விட்ட இரையைப் பெரும்பாலும் தேடி இறங்காது. ஆகவே ஜிக் மெதுவாக இறங்கும்போதே மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, நரம்பையே பார்த்துக்கொண்டிருங்கள். நரம்பு துள்ளினாலோ, இறங்க வேண்டியது நடுவில் தொய்ந்து நின்றாலோ அது கடி. ஆறு என்று எண்ணும்போது மீன் எடுத்திருந்தால், அடுத்த முறையும் ஆறு எண்ணும்வரை இறங்கவிட்டு, பின் மெல்லச் சுற்றுங்கள்.

பிறருடைய துறைகளில் பிடிக்கும்போது படகுகளின் மீது ஈயம் மோதாமலும், துறையில் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இருந்தால் அடுத்த துறைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: துறையில் விளக்குப் போட்டு இரவில் பிடிப்பதாகச் சொல்கிறார்கள். விளக்கொளிக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?

பதில்: மீன் விளக்குக்காக வருவதில்லை, சாப்பாட்டுக்காக வருகிறது. ஒளியில் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் கூடும், அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும், அவற்றுக்காகக் கிராப்பி வரும். இந்த வரிசை நிறைவேற நேரம் பிடிக்கும் என்பதால், விளக்கைப் போட்ட பத்தாவது நிமிடமே சலித்துக்கொள்ள வேண்டாம். பெரிய மீன்கள் வெளிச்சத்தின் நடுவில் அல்லாமல், இருட்டும் ஒளியும் சந்திக்கும் விளிம்பிலும் சற்று ஆழத்திலும் நிற்கும்; உயிருள்ள சிறுமீனை உதட்டில் முள் குத்தித் தக்கையின் கீழ் அங்கே தொங்கவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மின்சாரம் இழுத்த துறையில் கம்பி பழுதானால் நீரில் மின்சாரம் கசியும், நன்னீரில் அது நீந்துபவரின் உயிரையே பறிக்கக்கூடும். அத்தகைய துறையைச் சுற்றி யாரையும் நீந்த விடாதீர்கள். விளக்கைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டே பொருத்துங்கள்.

கேள்வி: கருப்புக் கிராப்பி, வெள்ளைக் கிராப்பி என்ற இரண்டையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லையே?

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம், முட்டையிடும் பருவத்தில் வெள்ளைக் கிராப்பியின் ஆணும் கறுத்துவிடும். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். வெள்ளைக்கு ஐந்து அல்லது ஆறு, கருப்புக்கு ஏழு அல்லது எட்டு. வெள்ளைக் கிராப்பியின் உலக சாதனை மீன், 5 பவுண்டு 3 அவுன்ஸ், மிசிசிப்பியில் 1957 ஜூலை மாதக் கடைசி நாளில் பிடிபட்டது. கோடையில் கிராப்பி கிடைக்காது என்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: கடித்த மீன் பாதி வழியில் கழன்றுவிடுகிறது. ஏன்?

பதில்: கிராப்பியின் வாயோரத் தோல் காகிதம்போல் மெல்லியது. நீங்கள் கோலை வெடுக்கென்று இழுக்கும்போது முள் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கோலை மேல்நோக்கி மெல்ல உயர்த்தினால் போதும், முள் தானே ஏறும். மீன் அருகில் வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையால் அள்ளுங்கள். உண்ண வைத்துக்கொள்வதை உடனே பனிக்கட்டி கலந்த நீரில் போடுங்கள், வெயிலில் சதை விரைவில் தளர்ந்துவிடும். குறைந்தபட்ச நீளமும் ஒரு நாளுக்கான எண்ணிக்கையும் மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஏரிக்கு ஏரி மாறுவதால், உரிமம் வாங்கும்போதே அந்த ஏரியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழத்திலிருந்து கோடை வெயிலில் மேலே இழுத்த மீனை விட்டாலும் பல பிழைப்பதில்லை. தேவையான அளவு கிடைத்தபின் விளையாட்டுக்காகப் பிடித்து விடுவதை நான் நிறுத்திக்கொள்கிறேன்.