தொற்று வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

அந்நிய நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், பன்னிரண்டு நாள் குழந்தையோடு இருக்கும் உங்களுக்குக் கொரோனா உறுதியாகியிருப்பதாகவும், ஊரிலிருந்து பேசுகிறவர்கள் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். தொற்று உறுதியான தாயும் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டிலேயே தெளிவாகக் கூறிவிட்டது. இந்த வைரஸ் முக்கியமாக மூச்சுக்காற்றிலும் இருமல் துளிகளிலும் பரவுகிறது. உங்கள் உடல் அதை எதிர்த்து உருவாக்கும் நோயெதிர்ப்புப் புரதங்களோ பால் வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன.

ஆகவே கவனம் முழுவதும் மூச்சிலும் கைகளிலும் இருக்கட்டும். குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டு 20 வினாடிகள் கைகழுவி, மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மார்பைக் கழுவ வேண்டியதில்லை; அதன்மேல் இருமியிருந்தால் மட்டும் கழுவினால் போதும். குழந்தைக்கு ஒருபோதும் முகக்கவசம் போடாதீர்கள், மூச்சு அடைத்துவிடும்.

2020-இல் என் மகள் பிறந்தபோது எனக்கும் தொற்று இருந்தது. மருத்துவமனையில் மூன்று நாட்கள் அவளை என்னிடமிருந்து பிரித்து வைத்தார்கள். மொழி சரியாகப் புரியாததால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை. மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். குழந்தை என்னுடனே இருக்க வேண்டும், நான் பால் கொடுக்க விரும்புகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எழுந்து உட்கார முடியாத அளவுக்குச் சோர்வாக இருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுங்கள், நலமாயிருக்கும் ஒருவர் ஊட்டட்டும். இடைவெளி நீண்டால் பால் சுரப்புக் குறைந்துவிடும் என்பதை அந்த மூன்று நாட்களில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாட்களும் கெடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். வேறு எந்த மருந்தானாலும் பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.