வண்டி எங்க வருதுன்னு தெரிஞ்சா மட்டும் போதுமா?

பஸ் நேர அட்டவணை போடுவது, டிக்கெட் மெஷின் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது, ஜிபிஎஸ் பெட்டி ஏன் திடீரென்று ஊமையாகிவிட்டது என்று மண்டையை உடைத்துக்கொள்வது, இதுதான் பதினேழு வருஷமாக என் பிழைப்பு. வேலை வெளியூரில், சொந்த ஊர் தேவகோட்டை. விசேஷத்துக்கு வந்த இடத்தில், பஸ்ஸில் கம்ப்யூட்டரை வைத்தால் சுற்றுச்சூழலுக்கு என்னப்பா லாபம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டவை, சொன்னவை இவை.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: அண்ணா, பஸ் எங்க வருதுன்னு போன்ல தெரிஞ்சா புகை எப்படிக் குறையும்? பஸ் குடிக்கிற டீசல் அதேதானே?

சரியான கேள்வி தங்கச்சி. டீசல் அதேதான். மாறுவது, அந்த டீசலை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 540 கிராம். லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக் ஏறத்தாழ 46 கிராம், 15 கொடுக்கிற கார் 150 கிராம் சொச்சம். இப்போது வகுத்துப் பார். பஸ்ஸில் நாலு பேர் இருந்தாலே தனியாள் ஓட்டும் காரைச் சமன் செய்துவிடும், ஆனால் தனியாள் பைக்கை ஜெயிக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும், பைக்கில் ரெண்டு பேர் போனால் இருபத்து நாலு பேர் வேண்டும். மத்தியானம் ரெண்டரை மணிக்கு எட்டுப் பேரோடு போகிற டவுன் பஸ், உண்மையைச் சொன்னால், அந்த எட்டுப் பேரும் பைக்கில் போவதைவிட அதிகமாகத்தான் புகை விடுகிறது. இதைச் சொன்னால் என் கூட வேலை பார்க்கிறவர்களுக்கே கோபம் வரும்.

அதனால்தான் காத்திருக்கிற நேரம் முக்கியம். வெயிலில் நின்று, வருமா வராதா என்று தெரியாமல் நாலு தடவை ஏமாந்தவர் அஞ்சாவது தடவை நிற்க மாட்டார், தவணையில் ஒரு வண்டி எடுத்துவிடுவார். எடுத்தபின் அவர் திரும்பி வருவது குதிரைக் கொம்பு. பத்து நிமிஷத்தில் வரும் என்று சொல்லி, சொன்னபடி வந்தால், அவர் அந்த வண்டியை வாங்காமலே இருக்க வாய்ப்பு உண்டு. புகை குறைவது அந்த இடத்தில்தான், இஞ்சினுக்குள் இல்லை.

காரைக்குடி, பாத்திரக்கடைக்காரர்: ரெண்டு பஸ் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது, அப்புறம் முக்கால் மணி நேரம் ஈ காக்கா இல்லை. டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களா?

இல்லை அண்ணே, அவர்கள் பாவம். முதல் பஸ் ரயில்வே கேட்டில் நாலு நிமிஷம் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அந்த நாலு நிமிஷத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்கிறது, ஏற்றி இறக்க நேரமாகிறது, இன்னும் தாமதம், அடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஆளே இல்லை, எல்லாரையும் முன்னது அள்ளிக்கொண்டு போய்விட்டது, அதனால் அது பறந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. முன்னதில் படிக்கட்டில் தொங்குகிறார்கள், பின்னதில் ஜன்னல் சீட் எல்லாம் காலி. அதே டீசல், பாதி வீண்.

இதற்கு உலகம் முழுக்க இருக்கிற வைத்தியம் ரொம்பச் சின்னது. ஜிபிஎஸ்ஸில் ரெண்டு பஸ்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, பின்னால் வருகிற பஸ்ஸை ஒரு பெரிய ஸ்டாப்பில் ரெண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பது. அவ்வளவுதான். நம் பக்கத்தில் டைம் கீப்பர் விசிலும் நோட்டும் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார், ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். நிறுத்தினால் உள்ளே இருக்கிறவர்கள் கண்டக்டரைத் திட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோட்டையூர் ஆச்சி: எனக்கு டச் போன் எல்லாம் தெரியாதுப்பா. எங்களுக்கு என்ன?

ஆச்சி, நீங்கள் போனைத் தொடவே வேண்டாம். கண்டக்டர் உங்களுக்குக் காசில்லாமல் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாரே, 2021-லிருந்து பெண்களுக்கு வருகிற அந்தக் கட்டணமில்லா டிக்கெட், அதை வாங்கிச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். மெஷினில் அடிக்கிற டிக்கெட் என்றால் எந்த ஸ்டேஜில் ஏறினீர்கள், எத்தனை மணிக்கு என்பது பதிவாகிவிடும். கோட்டையூரில் காலை ஒன்பதரைக்கு முப்பது பேர் ஏறுகிறார்கள் என்று அந்தக் கணக்கு சொன்னால், அங்கே இன்னொரு நடை விடுங்கள் என்று கேட்க ஆதாரம் இருக்கிறது. டிக்கெட் வாங்காமல் போனால் கணக்கில் நீங்கள் ஏறவே இல்லை. என்னைக் கேட்டால் இத்தனை கருவிகளிலும் உபயோகமானது கண்டக்டர் தோளில் தொங்குகிற அந்தப் பெட்டிதான், அதில் வருகிற விவரத்தை உட்கார்ந்து படிக்க ஆள் வைப்பதுதான் அபூர்வம்.

புதுவயல், சாப்ட்வேர் தம்பி: நான் இருக்கும் நகரத்தில் ‘3 நிமிஷத்தில் வரும்’ என்று இருபது நிமிஷமாகக் காட்டுகிறது. வரவே இல்லை.

அதற்குப் பேய் பஸ் என்று பெயர். டிரைவர் லீவு, நடை ரத்து, ஆனால் அதைக் கணினியில் யாரும் அடிக்கவில்லை. அட்டவணையில் இருப்பதால் அது வருவதாகவே காட்டிக்கொண்டிருக்கிறது. நானே இப்படி ஒன்றைச் செய்திருக்கிறேன். ஒரு பெரிய ஊரில் பஸ் வரும் நேரம் காட்டும் பலகை மாட்டிய முதல் வாரம், ஸ்பேர் பஸ்ஸை மாற்றி விட்டபோது ஜிபிஎஸ் பெட்டி எண்ணை மாற்ற மறந்தோம். டிப்போவில் டயர் கழற்றிக் கிடந்த வண்டி ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று மின்னியது. ஒரு பெரியவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ ஏறிப் போனார். பொய் சொல்கிற பலகையைவிடப் பலகை இல்லாமல் இருப்பதே மேல்.

ஆசிரியர், காரைக்குடி: பேட்டரி, மின்வேதியியல் ஆராய்ச்சி செய்கிற சிக்ரி நிலையம் நம் ஊரில்தானே இருக்கிறது, எலெக்ட்ரிக் பஸ் விட்டால் போதாதா?

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம், மின்வேதியியலில் பேர் போனது, பெருமைதான். எலெக்ட்ரிக் வரட்டும், சென்னையில் 2025 ஜூனில் 120 தாழ்தள மின்சார பஸ் விட்டிருக்கிறார்கள். ஆனால் காலியாக ஓடுகிற எலெக்ட்ரிக் பஸ்ஸும் காலிதான் சார். அது போக, சார்ஜுக்கு எந்த வண்டி எப்போது நிற்கும் என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நாள் முழுக்க எத்தனை கிலோமீட்டர், எந்த நடையில் எவ்வளவு கூட்டம் என்ற பழைய கணக்கு இல்லாமல் அதைப் போட முடியாது. மறுபடியும் அந்த டிக்கெட் பெட்டிக்குத்தான் வந்து நிற்போம்.

கானாடுகாத்தான், சுற்றிக்காட்டுகிறவர்: பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் காரில்தான் வருகிறார்கள். ரயில், பஸ், ஆட்டோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் வந்தால்?

வந்தால் நல்லது. சென்னையில் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ ஆப் வந்தது, மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாம் ஒரே கியூஆரில். ஆனால் ஹெல்சின்கியில் இதையே பெரிதாகச் செய்த ‘விம்’ ஆப்பின் நிறுவனம் 2024-ல் திவாலானது, அதையும் மறக்கக் கூடாது. டிக்கெட்டை ஒட்டுவது எளிது, நேரத்தை ஒட்டுவதுதான் கஷ்டம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிக்கு வந்து நிற்கிறது, இறங்கியவருக்கு கானாடுகாத்தான் போக வண்டி எங்கே என்று தெரியவில்லை, உடனே கார் பிடிக்கிறார். ரயில் தாமதமானால் பஸ்ஸும் அஞ்சு நிமிஷம் காத்திருக்கும் என்ற ஏற்பாடு ஒன்று இருந்தால் ஆப்பே வேண்டாம்.

தேவகோட்டை நண்பர்: வெளிநாட்டில் ஊருக்குள் கார் வந்தாலே காசாமே?

ஆமாம். சிங்கப்பூரில் 1998-லிருந்து மின்னணு முறையில் வாங்குகிறார்கள், லண்டனில் 2003-லிருந்து. ஸ்டாக்ஹோம் 2006-ல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்தது, காசு வாங்கும் பகுதியின் எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன, 2007-ல் நிரந்தரமாக்கினார்கள். கவனிக்க வேண்டியது, காசு வாங்கும் முன்பே, 2005-லேயே கூடுதல் பஸ்களை விட்டுவிட்டார்கள். நம் ஊரில் அதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்டா, முகூர்த்த நாளில் வண்டியைக் கொஞ்சம் ஒழுங்காக நிறுத்தினாலே போதும்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு பஸ் முதலாளி: ஜிபிஎஸ் போட்டா எங்க டைமிங் எல்லாம் வெளியே தெரிஞ்சிடுமே?

தெரியத்தான் அண்ணே போடுவது. புது பயணிகள் வண்டிக்கு 2019-லிருந்தே இடம் காட்டும் கருவி சட்டப்படி உண்டு, ஏஐஎஸ் 140 என்பார்கள். முன்னால் போகிற வண்டியை முந்தி அடுத்த ஸ்டாப்பில் ஆள் அள்ளுவது உங்களுக்கு வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டி 8.10-க்குச் சரியாக வரும் என்று ஊருக்கே தெரிந்தால் அந்த முந்தலே தேவைப்படாது. அந்தப் பெட்டிக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள்.