ஏர்கனுக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி, மயிலைச் சுட?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. மூன்று ஏக்கரில் மக்காச்சோளம், ஒரு ஏக்கரில் நிலக்கடலை. கடலை விதைத்த மறுநாளே மயில்கள் வந்து கிளறித் தின்றுவிட்டன. இரண்டு தடவை விதைத்தேன். இப்போது சோளம் கதிர் விட்டிருக்கிறது, கிளிகள் கூட்டமாக வருகின்றன. ஏர்கன் விற்கும் கடையில் விசாரித்தேன். 'லைசென்ஸ் தேவையில்லை, சொந்தத் தோட்டத்தில் பயிரைக் காப்பாற்றச் சுடலாம், சட்டத்திலேயே இருக்கிறது' என்கிறார்கள். 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: துப்பாக்கியை வாங்கலாம். அதை வைத்து மயிலையோ கிளியையோ சுடக் கூடாது. கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

துப்பாக்கிக்கு ஒரு சட்டம், பறவைக்கு வேறு சட்டம். துப்பாக்கி பற்றிச் சொல்வது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ல் வந்த ஆயுத விதிகளும். அவற்றின்படி குழாய் விட்டம் 4.5 மி.மீ.க்கு மிகாமலும் (கடையில் 'பாயிண்ட் ஒன் செவன் செவன்' என்பார்கள்), குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர்கனுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து, பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பறவை பற்றிச் சொல்வது 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். நீங்கள் எதை வைத்து அடித்தீர்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. ஏர்கனோ, உண்டிவில்லோ, விஷம் கலந்த அரிசியோ, கண்ணியோ, எல்லாமே அதற்கு 'வேட்டை'தான். குறி தவறினாலும் தப்ப முடியாது, ஏனென்றால் முயற்சி செய்வதும் வேட்டை என்றே அதில் எழுதியிருக்கிறது. சொந்த நிலம், பட்டா என் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. மயிலைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'பத்தாயிரம் கட்டினால் அங்கேயே முடித்துவிடலாம்' என்று ஊரில் யாராவது சொல்வார்கள். குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்தைப் பணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியே இல்லை. அப்படிச் சொல்பவர் உங்கள் பணத்தை வேறு எங்கோ கொண்டுபோகிறார். பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணை. அதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடப் பயன்படுத்திய துப்பாக்கியும், போன வண்டியும் பறிமுதலாகும்.

கடைக்காரர் 'சட்டத்திலேயே இருக்கிறது' என்றாரே, அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் இந்த ஒரு வரியில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் 'நிலத்தில் நிற்கும் பயிர்' என்ற சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். உங்களுக்கு அல்ல, மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. ஒரு விலங்கோ பறவையோ மனித உயிருக்கோ, பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். பிறகு, காரணத்தைக் குறிப்பிட்டு, எழுத்து மூலமாக, இன்ன இடத்தில் இன்னதை வேட்டையாடலாம் என்று அவரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு கையில் வந்த பிறகுதான் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவும். வாய்மொழியாக வனக்காப்பாளர் 'பார்த்துக்கோங்க' என்று சொன்னது உத்தரவு ஆகாது. மனு கொடுத்துவிட்டேன், பதில் வரவில்லை, அதனால் சம்மதம் என்பதும் ஆகாது.

இதிலும் இன்னொரு முடிச்சு. பயிருக்காக அனுமதி தரும் அந்த வழி, இரண்டாம் அட்டவணையில் உள்ளவற்றுக்குத்தான். முதல் அட்டவணைக்கு வேறு அளவுகோல்: மனித உயிருக்கு ஆபத்து, அல்லது தேறவே முடியாத காயமோ நோயோ இருந்தால் மட்டும். மயில் கடலையைத் தின்பது இரண்டிலும் சேராது. ஆக மயில் விஷயத்தில் பயிர்ச்சேதம் என்ற காரணத்துக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. கிளிக்குக் காகிதத்தில் இடம் உண்டு. ஆனால் உங்கள் சோளம் பால் பிடித்து மணி இறுகுவது மூன்று வாரக் கணக்கு. மனு வனச்சரகரிடமிருந்து மாவட்ட வன அலுவலருக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போய்த் திரும்புவதற்குள் நீங்கள் தட்டையை மாட்டுக்குப் போட்டிருப்பீர்கள். என் அனுபவத்தில் பறவைக்காக அப்படி ஓர் உத்தரவு வெளிவந்து நான் பார்த்ததில்லை. பயிரைக் காக்க ஒரு வழியைச் சட்டத்தில் எழுதிவிட்டு, பயிரின் வயதுக்குள் முடியாத நடைமுறையை அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இது விவசாயிக்குச் செய்யும் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக நீங்கள் சுட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இந்தத் தாமதத்தில்தான் தரகர் நுழைகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு காகிதம் வைத்திருந்தார். 15,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 'அனுமதி' அது. பிரித்துப் பார்த்தால் அவர் கொடுத்த மனுவின் நகலேதான். மேல் மூலையில் ஊதா நிறத்தில் ஓர் அலுவலகத்தின் வரவு முத்திரை, தேதி, ஒரு சுருக்கெழுத்து. உங்கள் தபால் எங்களிடம் வந்து சேர்ந்தது என்பதைத் தவிர அந்த முத்திரைக்கு வேறு அர்த்தமில்லை. அதை நம்பி அவர் இரண்டு மாதம் துப்பாக்கியோடு காட்டில் நடந்திருக்கிறார். யாராவது உங்களிடம் அனுமதி என்று ஒரு தாளைக் கொடுத்தால் மூன்றைப் பாருங்கள்: உத்தரவு எண் இருக்கிறதா, எந்தப் பறவை என்று பெயர் இருக்கிறதா, உங்கள் சர்வே எண்ணோ கிராமமோ இருக்கிறதா. ஒன்று குறைந்தாலும் அது வெறும் தாள்தான்.

தாத்தா காலத்துப் 'பயிர்ப் பாதுகாப்பு' உரிமம் வீட்டில் இருக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆயுதச் சட்டத்தில் பயிர்க் காவலுக்காக நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தரும் வழி உண்டு. அது துப்பாக்கியை வைத்துக்கொள்ள மட்டும்தான், பறவையைச் சுட அல்ல. காகத்தைச் சுடலாம் என்பதும் பழைய கதை. அப்போது காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி எல்லாம் 'தீங்குயிர்' என்று ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. 2022-ம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து ஆலோசனை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் இந்த வெளிநாட்டு வீடியோக்கள். இங்கிலாந்தில் பயிருக்குப் பெரிய சேதம் வராமல் தடுக்க மரப்புறாவைச் சுடப் பொது அனுமதி இருக்கிறது, அதனால் அங்கே படம் எடுத்துப் போடுகிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே அப்படிப் படம் எடுத்துப் போட்டால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டதே என்று அடுத்து கேட்பீர்கள். 2025-ல் தமிழக அரசு அறிவித்தது, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவதைப் பற்றி. விவசாயி சுடுவதைப் பற்றி அல்ல, பறவையைப் பற்றியும் அல்ல.

ஏர்கன் அடி யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 4.5 மி.மீ. ஈயக் குண்டு அரை கிராம் எடைதான் இருக்கும், இடுப்பு ஒடுங்கிய சின்ன உடுக்கை மாதிரி. மயில் போன்ற பெரிய பறவை அதில் உடனே சாவதில்லை. சிறகுக்கடியில் குண்டோடு நடந்து, பக்கத்துக் காட்டு வேலிக்குள் போய், இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். அதற்கு அந்த வேதனை. உங்களுக்கு, கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் எடுத்துத் தட்டில் வைக்கும் நசுங்கிய குண்டு. குறி தவறிய குண்டும் நூறு மீட்டர் தாண்டிப் போகும். சோளக்காட்டுக்கு அந்தப்பக்கம் களை எடுப்பவரின் கண் இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

கடையைப் பற்றி இன்னும் ஒன்று. 'ஸ்பிரிங் மாற்றி பவர் ஏற்றித் தருகிறேன்' என்பார்கள், அல்லது 5.5 மி.மீ. துப்பாக்கியை 'இதுவும் அதே மாதிரிதான்' என்று கொடுப்பார்கள். ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினால் உரிமம் வேண்டும். 5.5 மி.மீ.க்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் பறவையைத் தொடாமலேயே வழக்கு. விற்றவர் பில்லில் என்ன எழுதினார் என்று பிறகு பார்த்துப் பயனில்லை. துப்பாக்கி வாங்குவது குற்றமில்லை என்றாலும், பறவையைச் சுட முடியாதபோது அது உங்களுக்கு எதற்கு? முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பறவையைச் சுடலாம் என்று சொல்லி விற்றதை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார், அதனால் தகராறு செய்யாமல் கேட்டாலே பெரும்பாலும் கிடைக்கும்.

மயில் முட்டை விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மயில் தரையில், வேலிப் புதரடியில் முட்டையிடும். அதை எடுத்துக் கோழிக்கு அடை வைப்பது ஊரில் சகஜம். பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதே சட்டத்தில் வேட்டைதான். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் சோளம். கிளி மின்கம்பியிலும் மரத்திலும் உட்கார்ந்து பார்த்து, ஓரத்து வரிசைகளில்தான் முதலில் இறங்கும். அதனால் காடு முழுக்க மெனக்கெட வேண்டாம். வெளிப்பக்கத்து நான்கு வரிசைகளில், ஒவ்வொரு கதிரையும் அதே செடியின் பச்சை இலைகள் இரண்டு மூன்றைச் சுற்றி மூடி, இலை நுனியைச் செருகிவிடுங்கள். கிளிக்குக் கதிர் கண்ணில் படாது. வேளாண் பறவையியல் ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கும் முறை இது, செலவு கூலி மட்டும்தான். ஆனால் அவசரப்படக் கூடாது. கதிர் முனையில் தொங்கும் பட்டு நூல் இளம்பச்சையாக இருக்கும்போது மூடினால் மகரந்தம் சேராமல் மணி பிடிக்காது. நூல் பழுப்பாகிக் காயத் தொடங்கிய பிறகு மூடுங்கள்.

இதோடு, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமான பறவை விரட்டி ரிப்பனைக் கட்டலாம். பயிருக்கு அரை மீட்டர் மேலே, வடக்குத் தெற்காக, 10 மீட்டர் இடைவெளியில், மூன்று நான்கு முறுக்கு விட்டுக் கட்டுங்கள். முறுக்கு இருந்தால்தான் காற்றில் புரண்டு வெயிலில் பளிச்சிடும், 'விர்'ரென்று சத்தமும் வரும். தட்டையாக இழுத்துக் கட்டிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம். முன்கூட்டியே கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் கிளிக்குப் பழகிவிடும், அந்த வாரங்கள் பால் பருவத்தில் விழ வேண்டும்.

கடலைக்கு, மயில் பெரும்பாலும் பறந்து இறங்காமல் நடந்தே உள்ளே வரும். விதைத்த நாளிலிருந்து முளை நிலைக்கும் வரை நான்கு பக்கமும் பழைய சேலையையோ நைலான் வலையையோ இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். வலை தொய்வாக இருந்தால் பறவை சிக்கிச் சாகும், அப்புறம் கண்ணி வைத்தீர்களா என்று கேள்வி வரும். விறைப்பாக இருக்கட்டும். மின்சாரம் கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம், பறவைக்கு முன்னால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

சேதத்தைப் படம் எடுத்து, அடங்கல் நகலோடு வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். அதைச் சுடுவதற்கு அனுமதி என்று நினைக்க வேண்டாம், கொடுத்ததற்குச் சான்று மட்டும்தான். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது அந்த ரசீது இல்லாவிட்டால் 'புகாரே வரவில்லையே' என்பார்கள். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கதிர் விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையில் போய் ஓர வரிசையில் நூலின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு ஏறியிருந்தால் அன்றே இரண்டு ஆட்களை விட்டு மேற்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ, மரம் இருக்கும் பக்கத்திலிருந்து மூடத் தொடங்குங்கள்.