கண்ணை மூடினால் கணக்கு ஓடுகிறது

ஐயா, காலையில் 20 நிமிடம் தியானத்தில் உட்காருகிறேன். கண்ணை மூடினால் பால் கணக்கும் பள்ளிக்கூடக் கட்டணமும்தான் ஓடுகின்றன. போதாக்குறைக்கு 7 வயது மகள் மடியில் வந்து விழுகிறாள். எரிச்சல்தான் மிச்சம். எனக்குத் தியானம் சரிப்படாதா?
ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

கணக்கு ஓடுவது தப்பில்லை. ஓடியதைக் கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சியே. கண்ணை மூடியிருக்கையில் அதைக் கண்டுகொள்ளவே நேரமாகும். கைவேலையில் உடனே தெரிந்துவிடும். கொஞ்ச நாள் மகளையும் சேர்த்துக்கொண்டு மாக்கோலம் போடுங்கள்.

ஒரு கைப்பிடி பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து நைசாக அரையுங்கள். நறநறவென்றிருந்தால் காய்ந்ததும் உதிரும். தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, சின்னப் பழைய வேட்டித் துணியை நனைத்து மூன்று விரலால் பிடித்து, மோதிர விரல் வழியே மாவை இறக்குங்கள். கோடு அறுந்தால் மாவு கெட்டி, அல்லது துணி வறண்டுவிட்டது. பரவினால் தண்ணீர் கூடிவிட்டது. வெள்ளை தெரியவில்லையே என்று மேலேயே மறுபடி இழுக்காதீர்கள், திட்டுத்திட்டாகிவிடும். காயக் காயத்தான் வெளுக்கும். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் கோடு கண்ணுக்குச் சிக்காது. வெறும் சிமெண்ட் தரை நல்லது.

நடுவீட்டுக் கோலத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அது விசேஷத்துக்கு உரியது, கோடு பிசகினால் ஆச்சிமார் சும்மா விடமாட்டார்கள்! சிக்குக் கோலம் போதும்: 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளி. கோடு புள்ளியைத் தொடக்கூடாது, எந்தப் புள்ளியும் விடுபடக்கூடாது, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். மனம் பால் கணக்குக்குப் போன இடத்தில் கோடு வேறு புள்ளியைச் சுற்றியிருக்கும். அந்த வளைவை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அங்கிருந்தே தொடருங்கள்.

புள்ளி வைப்பது மகள் வேலை. வரிசை கோணும், திருத்தாதீர்கள். கோணல் புள்ளியையும் கோடு சுற்றத்தான் செய்யும். ஓயாமல் பாராட்டவும் வேண்டாம். “சூப்பர்” என்று சொல்லச் சொல்ல, பிள்ளை கோலத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

சாயங்காலத்துக்குப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 காய். குழியில் 4 சேர்ந்தால் பசு. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பராக்குப் பார்த்தால் பசு போய்விடும், அதைப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லிக்காட்டும். பழைய பெட்டியில் குன்றிமணி இருந்தால் அதைப் பிள்ளை கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். மென்று விழுங்கினால் கொடிய விஷம். 70 புளியங்கொட்டை போதும், கழுவி வெயிலில் காயவைத்தது.